குற்றம் உள்ளூரில், சட்டம் அந்நியர் மீது: அமெரிக்க உள்நாட்டுப் பயங்கரவாதத்தின் வரலாறு

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். 'ஆன்டிஃபா' என்று அழைக்கப்படும் இடதுசாரி எதிர்ப்பியக்கத்தை அந்த ஆணை 'உள்நாட்டுப் பயங்கரவாத அமைப்பு' என்று அறிவித்தது. வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் யூட்டா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் சுட்டுக்கொல்லப்பட்டு அப்போது பன்னிரண்டு நாட்களே ஆகியிருந்தன. எட்டு வாரங்கள் கழித்து, நவம்பர் 18 அன்று, டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட் இன்னொரு அறிவிப்பை வெளியிட்டார். அமெரிக்க முஸ்லிம்களின் குடியுரிமைகளுக்காக வழக்காடி வரும் 'கேர்' அமைப்பு ஒரு 'வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு' என்றது அது. டெக்சாஸில் அந்த அமைப்பு நிலம் வாங்கவும் தடை விதிக்கப்பட்டது. டிசம்பரில் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸும் அதே வழியில் போனார்.

கேர் எந்த வெளிநாட்டைச் சேர்ந்தது? 1994-இல் அமெரிக்காவிலேயே தொடங்கப்பட்டது. தலைமையகம் வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது. அதன் ஊழியர்களும் வழக்கறிஞர்களும் அங்கே வரி கட்டி, வாக்களித்து வாழ்பவர்கள். பிறகு ஏன் 'வெளிநாடு' என்ற சொல்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அமெரிக்காவின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப ஒரே காட்சியைப் பார்க்கிறோம். குண்டு வைத்தவர் அந்த மண்ணில் பிறந்தவராக இருப்பார். அதைக் காரணம் காட்டி எழுதப்பட்ட சட்டமோ வெளியிலிருந்து வந்தவர் மீது போய் விழும்.

முதலில் சட்டத்தின் இன்றைய நிலையைச் சொல்லிவிடுவோம். 'உள்நாட்டுப் பயங்கரவாதம்' என்றால் என்ன என்று அமெரிக்கச் சட்டம் வரையறை செய்திருக்கிறது. 2001-இல் வந்த 'பேட்ரியட்' சட்டத்தில் அந்த வரையறை உண்டு. ஆனால் அந்தப் பெயரில் தனியாக ஒரு குற்றமோ, அதற்கென்று ஒரு தண்டனையோ கூட்டாட்சிச் சட்டத்தில் கிடையாது. வெளிநாட்டு அமைப்புகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் வெளியுறவு அமைச்சருக்கு உண்டு. உள்நாட்டு அமைப்புகளுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை. ஆகவே ஆன்டிஃபா பற்றிய அதிபரின் அறிவிப்புக்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை. டெக்சாஸ் ஆளுநர் 'வெளிநாட்டு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால்தான் முத்திரைக்குப் பலம் வருகிறது.

கிளான் தொடங்கிய கதை

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1865-ஆம் ஆண்டின் இறுதியில், டென்னசி மாநிலத்தின் புலாஸ்கி என்ற சிற்றூரில், தோற்றுப்போன தென்மாநிலப் படையின் முன்னாள் வீரர்கள் ஆறு பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் கு கிளக்ஸ் கிளான். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்குச்சாவடிக்குப் போகக்கூடாது, பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது, நிலம் வைத்திருக்கக்கூடாது என்பதற்காக இரவில் முகமூடியணிந்து வந்து சாட்டையால் அடித்தார்கள், வீடுகளை எரித்தார்கள், கொன்றார்கள். தேர்தல் முடிவை மாற்றுவதற்காகப் பொதுமக்களை அச்சுறுத்துவது பயங்கரவாதம் என்றால், அமெரிக்காவில் அதற்குக் கிளானைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இங்கே நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஒரு முறை அமெரிக்க அரசு உண்மையாகவே செயல்பட்டது. அதிபர் கிராண்ட் 1871-இல் கிளானுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார். தெற்குக் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைத்துப் படையை அனுப்பினார். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அதன்பின் சில மாதங்களில் முதல் கிளான் உடைந்து சிதறியது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

ஆனால் நினைப்பு நீடிக்கவில்லை. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின ஆண்களை ஆயுதமேந்திய வெள்ளைக் கும்பல் தாக்கியது. சரணடைந்த பிறகே பலர் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 60 முதல் 150 வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மூன்று பேர் தண்டிக்கப்பட்டார்கள். 1876-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் தள்ளுபடி செய்தது. அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு மாநில அரசுகளின் அத்துமீறலுக்கு எதிரானதே தவிர, தனிநபர்கள் செய்யும் கொலைக்கு எதிரானதல்ல என்று நீதிபதிகள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் தெற்கு மாநிலங்களின் கும்பல்களுக்கு என்ன செய்தியைக் கொண்டுபோயிருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

1898 நவம்பர் 10 அன்று வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் நடந்தது இன்னும் விசித்திரம். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கறுப்பினத்தவர் நடத்திய செய்தித்தாள் அலுவலகத்தைக் கொளுத்தியது. கறுப்பின மக்களைச் சுட்டுக்கொன்றது. வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைத் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்யவைத்தது. கும்பலுக்குத் தலைமை தாங்கிய ஆல்ஃபிரட் வாடெல் அன்றே மேயர் ஆனார்! யாரும் தண்டிக்கப்படவில்லை.

1882 முதல் 1968 வரை 4,743 பேர் கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்டதாக டஸ்கிகீ கல்வி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். இப்படிப்பட்ட கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதா இருநூறு முறைக்கு மேல் முன்வைக்கப்பட்டுத் தோற்றது. கடைசியில் அது சட்டமானது 2022 மார்ச்சில்தான்.

பெயர் அந்நியம், பிறப்பு மிச்சிகன்

சொந்த மண்ணின் கும்பல்களுக்குச் சட்டம் எழுத நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட அதே நாடாளுமன்றம், இன்னொரு விஷயத்தில் வெகு வேகம் காட்டியது.

1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரக் கண்காட்சியில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டார். எட்டாம் நாள் இறந்தார். சுட்டவர் லியோன் சோல்கோஸ் என்ற அராஜகவாதி. போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதால் பெயர் அமெரிக்கக் காதுகளுக்கு அந்நியமாக ஒலித்தது. ஆனால் அவர் பிறந்தது மிச்சிகன் மாநிலத்தில். 1903-இல் நாடாளுமன்றம் என்ன சட்டம் போட்டது தெரியுமா? அராஜகவாதிகள் அமெரிக்காவுக்குள் குடியேறத் தடை! அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தாலும் மெக்கின்லியைச் சுட்டவரை அது தடுத்திருக்காது. அவர் எந்தத் துறைமுகத்திலும் வந்து இறங்கியவர் இல்லையே.

1919-இல் நிலைமை சற்று வேறு. அந்த ஆண்டு ஜூன் 2 இரவு பல நகரங்களில் குண்டுகள் வெடித்தன. தலைமை அரசு வழக்கறிஞர் மிட்செல் பால்மரின் வீட்டு வாசலிலும் ஒன்று வெடித்தது. இத்தாலியிலிருந்து வந்த அராஜகவாதிகளின் சிறு குழு ஒன்று அதன் பின்னால் இருந்தது. குண்டு வைத்தவர்களைப் பிடிப்பதுதான் முறை. ஆனால் பால்மர், எட்கர் ஹூவர் என்ற 24 வயது இளைஞரின் கையில் ஒரு பிரிவை ஒப்படைத்து, ஆயிரக்கணக்கான குடியேறிகளைக் கூட்டங்களிலும் வீடுகளிலும் புகுந்து அள்ளிவந்தார். 249 பேர் 'பியூஃபோர்ட்' என்ற பழைய கப்பலில் ஏற்றப்பட்டு ரஷ்யாவின் பக்கம் அனுப்பப்பட்டார்கள். தொழிலாளர் துறைத் துணை அமைச்சர் லூயிஸ் போஸ்ட் என்ற எழுபது வயது மனிதர் மட்டும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, ஆதாரமில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடுகடத்தல் ஆணைகளை ரத்து செய்தார். அதற்காக அவரைப் பதவிநீக்கம் செய்யப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. இவரைப் போன்றவர்களும் அந்த நாட்டின் வரலாற்றில் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் குதிரைவண்டியில் வைத்த குண்டு வெடித்து 38 பேர் இறந்தார்கள். அதைச் செய்தவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

அந்த 24 வயது ஹூவர்தான் பின்னாளில் எஃப்.பி.ஐ-யின் தலைவராகி, 1972-இல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவர் எங்கே பார்த்தார், எங்கே பார்க்கவில்லை என்பதற்கு ஒரே ஒரு ஆண்டை எடுத்துக்கொள்வோம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் கிளான் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. குற்றவாளிகள் யார் என்பது 1965-க்குள் எஃப்.பி.ஐ-க்குத் தெரிந்துவிட்டது. வழக்குத் தொடுக்க ஹூவர் சம்மதிக்கவில்லை. முதல் தண்டனை 1977-இல் வந்தது. கடைசித் தண்டனை 2002-இல். சிறுமிகள் இறந்து 39 ஆண்டுகள் கழித்து! அதே 1963-இன் அக்டோபரில், அதாவது குண்டு வெடித்து ஒரு மாதத்துக்குள், எஃப்.பி.ஐ ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கியது. கிளான்காரரின் தொலைபேசி என்று நினைத்துவிட வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசி.

மால்கம் எக்ஸ் என்ற அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் அவர்களும் அதே கண்காணிப்பில்தான் வாழ்ந்தார். 1965 பிப்ரவரி 21 அன்று அவர் கொல்லப்பட்டபோது தண்டிக்கப்பட்ட மூவரில் இருவர் நிரபராதிகள் என்று 2021 நவம்பரில் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆதாரங்களை எஃப்.பி.ஐ-யும் நியூயார்க் காவல்துறையும் மறைத்து வைத்திருந்தன. சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கழித்த அந்த இருவரில் ஒருவர், தீர்ப்பு வருவதற்கு 12 ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார்.

எல்லாமே வலதுசாரிகளின் வேலை என்று எழுதினால் அது நியாயமாகாது. வியட்நாம் போரை எதிர்த்த 'வெதர் அண்டர்கிரவுண்ட்' என்ற இடதுசாரி இளைஞர் குழு 1971-இல் நாடாளுமன்றக் கட்டடத்திலும் 1972-இல் பென்டகனிலும் குண்டு வைத்தது. போர்ட்டோ ரிக்கோ விடுதலை கேட்ட அமைப்பு ஒன்று 1975-இல் நியூயார்க் உணவகத்தில் நான்கு பேரைக் கொன்றது. 1985 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில், அரபு அமெரிக்கர் அமைப்பின் வட்டாரப் பொறுப்பாளரும் பாலஸ்தீனக் கிறிஸ்தவருமான அலெக்ஸ் ஓதே தம் அலுவலகக் கதவைத் திறந்தபோது குண்டு வெடித்து இறந்தார். 'யூதப் பாதுகாப்புக் கழகம்' என்ற தீவிர அமைப்போடு தொடர்புடையவர்கள் மீது சந்தேகம் எழுந்தது. துப்புக் கொடுப்பவருக்கு 10 லட்சம் டாலர் வரை பரிசு என்று எஃப்.பி.ஐ அறிவித்தது. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஓக்லஹோமா: முதல் இரண்டு நாட்கள்

1995 ஏப்ரல் 19, காலை 9 மணி 2 நிமிடம். ஓக்லஹோமா நகரின் ஒன்பது மாடி அரசு அலுவலகக் கட்டடத்தின் முன் நிறுத்தப்பட்டிருந்த வாடகை லாரி வெடித்தது. உரமும் எரிபொருளும் கலந்த, இரண்டு டன்னுக்கும் அதிகமான வெடிமருந்து. 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள். ஊழியர்களின் பிள்ளைகளுக்கான காப்பகம் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தது.

புகை அடங்குவதற்குள் தொலைக்காட்சி வல்லுநர்கள் விடை கண்டுபிடித்துவிட்டார்கள். மத்திய கிழக்கின் பாணி இது என்றார்கள். ஊரிலிருந்து ஜோர்டானுக்குப் பயணம் புறப்பட்டிருந்த ஓர் அமெரிக்கக் குடிமகன், அரபுப் பெயர் கொண்டவர் என்பதற்காக, வழியில் லண்டனில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். ஓக்லஹோமா நகரிலேயே, ஈராக்கிலிருந்து அகதியாக வந்திருந்த கர்ப்பிணிப் பெண் ஒருவரின் வீட்டின் மீது கல்லெறிந்தார்கள். அவருடைய கரு கலைந்தது. சதாமின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களுக்கு அங்கே கிடைத்த வரவேற்பு அது.

உண்மையான குற்றவாளி குண்டு வெடித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போலீஸ் கையில் இருந்தார் என்பதுதான் வேடிக்கை. நம்பர் பிளேட் இல்லாமல் கார் ஓட்டியதற்காக நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் தற்செயலாக அவரை நிறுத்திப் பிடித்திருந்தார். பெயர் டிமோத்தி மெக்வே. வயது 26. நியூயார்க் மாநிலத்தில் பிறந்த வெள்ளையர். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கில் சண்டையிட்டுப் பதக்கம் பெற்ற முன்னாள் ராணுவ வீரர். டெக்சாஸின் வேகோவில் ஒரு மதக் குழுவின் குடியிருப்பைக் கூட்டாட்சிக் காவலர்கள் முற்றுகையிட்டு, 1993 ஏப்ரல் 19 அன்று அது தீப்பற்றி 76 பேர் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்கத்தான் அதே தேதியைத் தேர்ந்தெடுத்ததாக அவர் சொன்னார். 'டர்னர் டைரிஸ்' என்ற வெள்ளை இனவெறி நாவலின் பக்கங்கள் அவர் காரில் கிடைத்தன. துப்பாக்கிச் சந்தைகளில் அந்த நாவலை விற்றுத் திரிந்தவர் அவர்.

இனி சட்டத்துக்கு வருவோம். குண்டு வெடித்து ஓராண்டும் ஐந்து நாளும் ஆனபோது, 1996 ஏப்ரல் 24 அன்று, அதிபர் கிளின்டன் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓக்லஹோமாவின் பெயரால்தான் அது நிறைவேறியது. அந்தச் சட்டம் கிளானையோ, ஆயுதக் குழுக்களையோ, துப்பாக்கிச் சந்தைகளையோ தொட்டதா? இல்லை. அது உருவாக்கியது 'வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள்' என்ற பட்டியலை. அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் பொருளுதவி செய்வதைப் பெருங்குற்றமாக்கியது. குடியேறிகளை நாடுகடத்துவதை எளிதாக்கியது. சிறைவாசிகளின் ஆட்கொணர்வு மனு உரிமையைச் சுருக்கியது. நியூயார்க்கில் பிறந்த மெக்வே வைத்த குண்டுக்கு, ஓக்லஹோமாவையே வரைபடத்தில் பார்த்திராதவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சோல்கோஸ் கதையேதான், 93 ஆண்டுகள் கழித்து.

அந்தப் பட்டியலின் முதல் பதிப்பு 1997 அக்டோபரில் வந்தபோது விடுதலைப் புலிகளும் அதில் இருந்தார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதை மறக்க முடியாத சமுதாயம் நாம். புலிகளுக்காக வாதாட நமக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலால் வந்த ஒரு வழக்கை நாம் கவனிக்க வேண்டும். புலிகளுக்கும் குர்து அமைப்பான பி.கே.கே-வுக்கும் சர்வதேசச் சட்டப்படி சமாதானமாகப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ளப் பயிற்சி தர விரும்பிய அமெரிக்க மனித உரிமை ஆர்வலர்கள், அது குற்றமாகுமா என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2010-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஆயுதத்தைக் கீழே வைக்கக் கற்றுக்கொடுப்பதும் 'பொருளுதவி' ஆகலாமாம்!

இதை உள்நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளானுக்கு நன்கொடை அனுப்பினால், அது கிளான் என்பதற்காக மட்டும், அமெரிக்காவில் எந்தப் பொருளுதவி வழக்கும் வராது. பட்டியலே இல்லையே.

மெக்வேக்கு 2001 ஜூன் 11 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன்பின் சரியாக மூன்று மாதத்தில் செப்டம்பர் 11 வந்தது. சுமார் மூவாயிரம் அப்பாவிகளைக் கொன்ற அந்தக் கொடூரத்தை எந்த முஸ்லிமும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதன்பின் 'பயங்கரவாதம்' என்ற சொல்லிலிருந்து ஓக்லஹோமா மெல்ல அழிந்துபோனது.

2002-இல் தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டத்தில் 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் கைரேகை பதிய வரிசையில் நின்றார்கள். வட கொரியாவைத் தவிர மற்ற 24-ம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். 80,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை பாய்ந்தது. பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்களிலும் உணவகங்களிலும் மாணவர் சங்கங்களிலும் ஆட்களை நுழைத்து வேவு பார்த்தது. அந்தப் பிரிவின் உளவால் ஒரு பயங்கரவாத விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று அதற்குப் பொறுப்பான அதிகாரியே 2012-இல் சாட்சியம் சொன்னார்.

2009 ஏப்ரலில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர் டாரில் ஜான்சனின் குழு ஓர் அறிக்கை தயாரித்தது. வலதுசாரித் தீவிரவாதம் மீண்டும் வளர்கிறது, போரிலிருந்து திரும்பும் வீரர்களை அது இழுக்கப் பார்க்கிறது என்று அது எச்சரித்தது. முன்னாள் வீரர்களை அவமதித்துவிட்டார்கள் என்று அரசியல் கூச்சல் எழுந்தது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். ஜான்சனின் குழு கலைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. அமெரிக்க முஸ்லிம்கள் தீவிரவாதிகள் ஆவது பற்றி! நடத்தியவர் பீட்டர் கிங். ஒரு காலத்தில் அயர்லாந்தின் ஐ.ஆர்.ஏ ஆயுதக் குழுவை வெளிப்படையாக ஆதரித்தவர் அவர். அதற்கடுத்த ஆண்டு, 2012 ஆகஸ்ட் 5 அன்று, விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் புகுந்து ஆறு சீக்கியர்களைச் சுட்டுக்கொன்றவர் ஒரு வெள்ளை இனவெறியர். முன்னாள் ராணுவ வீரர். அறிக்கை எச்சரித்த அதே வகை மனிதர்.

அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 2001 செப்டம்பர் 12 முதல் 2016 இறுதி வரை அமெரிக்காவுக்குள் உயிர்ப்பலி ஏற்படுத்திய 85 தீவிரவாதத் தாக்குதல்களில் 62 தீவிர வலதுசாரிகள் செய்தவை. 23 முஸ்லிம் பெயர் தாங்கிய தீவிரவாதிகள் செய்தவை. இந்த இரண்டு எண்களையும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி பார்க்கிறோம். அதே அறிக்கையின் அடுத்த வரியை யாரும் அனுப்புவதில்லை. இறந்தவர்கள் முதல் வகையில் 106 பேர், இரண்டாம் வகையில் 119 பேர். அவர்களில் 49 பேர் 2016-இல் ஆர்லாண்டோ கேளிக்கை விடுதி ஒன்றில் ஒரே இரவில் கொல்லப்பட்டவர்கள். பாதிக் கணக்கைக் காட்டி வாதம் செய்வது ஊடகங்கள் நமக்குச் செய்த அதே அநீதி. முழுக் கணக்கே நமக்குப் போதுமானது. கண்காணிப்பும் சட்டமும் ஒரு பக்கம் மட்டுமே சாய்ந்திருந்ததை அது தெளிவாகக் காட்டுகிறது.

பள்ளிவாசல்களும் தப்பவில்லை. கான்சாஸின் கார்டன் சிட்டியில் சோமாலிய முஸ்லிம்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பையும் அங்கிருந்த தொழுகைக் கூடத்தையும் தகர்க்கத் திட்டமிட்ட மூவர் 2016-இல் பிடிபட்டார்கள். 25 முதல் 30 ஆண்டுகள் வரை சிறை கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 5 அன்று மின்னசோட்டாவின் புளூமிங்டனில், சுப்ஹுத் தொழுகைக்கு ஆட்கள் கூடும் நேரத்தில், இமாமின் அறைச் சன்னலை உடைத்துக் குழாய் வெடிகுண்டு வீசப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. இல்லினாய்ஸ் ஆயுதக் குழு ஒன்றின் தலைமை நபருக்கு 53 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. எனவே தண்டனையே இல்லை என்று சொல்ல முடியாது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவருக்கு மரண தண்டனைகூட விதிக்கப்பட்டது. ஆனால் அவர் மீது சுமத்தப்பட்ட 33 கூட்டாட்சிக் குற்றச்சாட்டுகளில் 'பயங்கரவாதம்' இல்லை. 'வெறுப்புக் குற்றம்' இருந்தது. குற்றவாளிக்குத் தண்டனை இரண்டிலும் கிடைக்கும்தான். வேறுபாடு குற்றவாளியைச் சுற்றியிருப்போருக்கு. வெறுப்புக் குற்றம் என்றால் ஒரு தனிமனிதன் தண்டிக்கப்படுவதோடு கோப்பு மூடப்படும். பயங்கரவாதம் என்றால் அவனுடைய பள்ளிவாசல், உறவினர், அவன் படித்த கல்லூரி என்று விசாரணை விரியும்.

அப்படியானால் உள்நாட்டுக்கும் ஒரு பட்டியல் வேண்டும் என்று நாம் கேட்கலாமா? 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்தைத் தாக்கியபோது அந்தக் கோரிக்கை வலுவாக எழுந்தது. அதை எதிர்த்தவர்களில் முஸ்லிம் உரிமை அமைப்புகளும் இருந்தன. இருக்கிற சட்டங்களே போதும், புதிய அதிகாரத்தைக் கொடுத்தால் அது கடைசியில் நம் மீதும் கறுப்பின மக்கள் மீதும்தான் திரும்பும் என்றார்கள். அப்போது சிலருக்கு இது கோழைத்தனமாகத் தெரிந்திருக்கும். பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர்களின் முன்யோசனை புரிகிறது. ஜனவரி 6 வழக்குகளில் தண்டனை பெற்றோர் உட்படச் சுமார் 1,500 பேருக்கு 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், டிரம்ப் பொதுமன்னிப்பு வழங்கினார். ராஜதுரோகச் சதிக்காக 22 ஆண்டு தண்டனை பெற்றவரும் அவர்களில் ஒருவர். உள்நாட்டுப் பட்டியல் ஒன்று சட்டத்தில் இருந்திருந்தால், அதில் முதல் பெயரை எழுதும் பேனா இப்போது யார் கையில் இருந்திருக்கும்?

கேரின் டெக்சாஸ் கிளைகள் ஆளுநரின் அறிவிப்பை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. வெளிநாட்டு அமைப்புகளைப் பட்டியலிடுவது வெளியுறவு அமைச்சரின் வேலையே தவிர மாநில ஆளுநரின் வேலை அல்ல என்பது எளிய வாதம். 1996-இல் மெக்வேயின் குண்டுக்காகப் பிறந்த அதே சொற்றொடரைத்தான், கூட்டாட்சிப் பட்டியலில் இல்லாத ஓர் உள்நாட்டு முஸ்லிம் அமைப்பின் மீது இன்று டெக்சாஸ் ஒட்டப் பார்க்கிறது.

ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் பிள்ளைகள் இருக்கும் நம் குடும்பங்களில் பலர், இந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு, அங்கே ஜும்ஆவுக்குப் போகாதே, சங்கங்களில் சேராதே என்று தொலைபேசியில் சொல்வதாக அறிகிறோம். அது தேவையற்ற அச்சம். தொழுவதும் கூடுவதும் பேசுவதும் அந்த நாட்டின் அரசியல் சாசனம் தந்த உரிமைகள். பர்மிங்ஹாம் மக்கள் குண்டு வெடித்த அதே தேவாலயத்தைச் செப்பனிட்டு அடுத்த ஆண்டே மீண்டும் திறந்தார்கள்.

கவனம் தேவைப்படும் இடம் வேறு. அது பணம். வெளிநாட்டுப் பட்டியலில் உள்ள அமைப்புக்கு உதவியதாக நிரூபணமானால் 20 ஆண்டு வரை சிறை உண்டு. 2001-க்குப் பிறகு முஸ்லிம் அறக்கட்டளைகள் பல இந்தப் பிடியில் மூடப்பட்டன. நன்கொடை விதிகள் முஸ்லிம்கள் ஜகாத் கடமையை நிறைவேற்றுவதைக் கடினமாக்கியிருக்கின்றன என்று அதிபர் ஒபாமாவே 2009 ஜூனில் கெய்ரோவில் பேசும்போது ஒப்புக்கொண்டார். ஆகவே அமெரிக்காவில் வாழும் பிள்ளைகள் ஜகாத்தையும் சதகாவையும் கொடுக்கும் முன், அந்த அறக்கட்டளை அங்கே முறையாகப் பதிவு பெற்று ஆண்டுதோறும் கணக்குச் சமர்ப்பிக்கிறதா என்று பார்க்கட்டும். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்தட்டும். வாட்ஸ்அப்பில் வரும் வங்கி எண்ணை நம்பி, முகம் தெரியாதவருக்கு எல்லை தாண்டிப் பணம் அனுப்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் அவர்களின் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ ஒரு வழக்கறிஞரிடமோ கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.